அந்நியக் கரமும் தோட்டத்து வாக்கும்

இலங்கையில் தேர்தல் அறிவிப்பு வெளியானால் வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பாகவே "வெளிநாட்டுச் சதி" என்ற சொற்றொடர் வந்துவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அச்சொற்றொடரை எத்தனை தலைப்புகளில் அமைத்திருப்பேன் என்று கணக்கிட முடியாது. சதி செய்பவர் மட்டும் காலத்துக்கேற்ப மாறுவார். ஒரு முறை புதுடில்லி, ஒரு முறை வாஷிங்டன், ஒரு முறை பெய்ஜிங், இடையிடையே நோர்வே. தோற்றவர் அதனைத் தோல்விக்குக் காரணமாகச் சொல்வார். வென்றவர் தம்மைத் தோற்கடிக்க நடந்த முயற்சியாகச் சொல்வார்.

கொழும்பில் இது மேடைப் பேச்சு. பதுளைக்குப் போய், பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளை என்று மலையேறினால் அதே சொல்லுக்கு வேறு வரலாறு இருக்கிறது. அங்கே "அந்நியக் கரம்" என்பது பல காலமாகக் கொழுந்து பறிக்கும் கரத்தையே குறித்தது.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலை எடுத்துக்கொள்வோம். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை, பதுளையில் எஸ்.எம். சுப்பையா என்று தோட்ட மக்களின் வாக்கால் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றார்கள். வேறு பல தொகுதிகளில் அதே வாக்கு இடதுசாரிகளுக்குச் சென்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட 95 ஆசனங்களில் டி.எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42 மட்டுமே. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளியின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருந்து அநேகமாக அழிந்து போயிருந்தது. இந்திய வம்சாவளியினர் ஒருவரும் தெரிவாகவில்லை. அவர்கள் வாக்குகளால் ஒருவர் மீண்டும் நாடாளுமன்றத்துக்குத் தெரிவாவதற்கு 1977 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கால் நூற்றாண்டு!

அச்சட்டங்களுக்குச் சொல்லப்பட்ட நியாயத்தை இன்றைய மொழியில் எழுதினால், "தேசியத் தேர்தலில் வெளிநாட்டுச் செல்வாக்கைத் தடுத்தல்" என்றுதான் எழுதவேண்டும். இவர்கள் இந்தியர்கள், இவர்களது விசுவாசம் இந்தியாவுக்கே, இவர்களுக்கு வாக்களித்தால் மலைநாட்டுத் தொகுதிகள் இன்னொரு நாட்டின் செல்வாக்கில் விழும் என்பதே வாதம். 1931இல் டொனமூர் யாப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தபோதே இவ்வாதம் எழுந்து, தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டிய சங்கடம் வைக்கப்பட்டது. "கள்ளத்தோணி" என்ற வசைச் சொல் அந்த அரசியலில் இருந்து தெருவுக்கு இறங்கியது.

நியாயமாகப் பேசுவதானால், இந்தியாவின் கரமே அங்கே இருக்கவில்லை என்று வாதிட முடியாது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தின் பின்னர், தோட்டத் தொழிலாளரின் நலனைக் கவனிக்க இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். 1939 ஜூலையில் ஜவாஹர்லால் நேரு இலங்கைக்கு வந்து, பிளவுபட்டுக் கிடந்த இந்தியர் அமைப்புகளை ஒன்றிணைக்கப் பேசியதன் விளைவே இலங்கை இந்தியக் காங்கிரஸ். ஓர் அயல்நாட்டுத் தலைவரின் யோசனையில் பிறந்த அமைப்பு எட்டே ஆண்டுகளில் ஏழு ஆசனங்களை வென்றது என்று சொன்னால் அது பொய்யாகாது. ஆனால் அந்த வாக்குகளை இட்டவர்கள் யார்? மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் தேயிலை வளர்த்து, இந்த மண்ணிலேயே உரமானவர்கள். நேரு வந்து போனார். கண்டியில் முகவர் இருந்தார். தண்டனை பெற்றதோ பிரட்டுக்களத்தில் நின்றவன்.

இன்னுமொரு கொடுமை உண்டு. இந்தியச் செல்வாக்கைத் தடுக்கவென்று வாக்குரிமை பறிக்கப்பட்டவர்களின் தலைவிதியை, பின்னர் கொழும்பும் டில்லியும் சேர்ந்தே தீர்மானித்தன. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றோர் என்று கணக்கிடப்பட்டவர்கள் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒன்றரை இலட்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். பாத்திரம் பண்டம் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்ட அக்காரியத்தில் தோட்டத்து மக்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடத்தப்படவில்லை. வெளிநாட்டுத் தலையீட்டைப் பற்றி ஆராயும் அறிஞர்கள் இதனை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

பட்டியல்கள் இருக்கத்தான் செய்கின்றன. டோவ் லெவின் என்ற ஆய்வாளர் 1946 முதல் 2000 வரையிலான காலத்தில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் (பின்னர் ரஷ்யாவும்) பிற நாட்டுத் தேசியத் தேர்தல்களில் தலையிட்ட சந்தர்ப்பங்களை எண்ணி 117 என்றார். அவற்றில் 81 அமெரிக்காவினுடையவை. அதே அமெரிக்கா 2016இல் தன் தேர்தலில் ரஷ்யா புகுந்துவிட்டதென்று பதறியதைக் கண்டு ஆசிய, இலத்தீன் அமெரிக்க நாட்டவர் பலர் உள்ளூரச் சிரித்திருப்பார்கள். 2024 டிசெம்பரில் ருமேனியாவின் அரசியலமைப்பு நீதிமன்றம், சமூக ஊடகங்களின் ஊடாக வெளிச்சக்திகள் புகுந்தன என்ற ஐயத்தில் ஜனாதிபதித் தேர்தலின் முதற் சுற்றையே இரத்துச் செய்தது. ஆக, இது மூன்றாம் உலகத்தின் மூடநம்பிக்கை அல்ல, உலகெங்கும் நடப்பதுதான். நான் கேட்பது, நடக்கும்போது யாரை நோக்கி விரல் நீட்டுகிறோம் என்பதையே.

2014, 2015ஆம் ஆண்டுகளுக்கு வருவோம். ஊவா மாகாணத்தவருக்கு அந்தப் பருவம் முக்கியமானது. 2014 செப்டெம்பர் 20ஆம் திகதி ஊவா மாகாண சபைத் தேர்தல் நடைபெற்றது. 2009இல் அங்கே 72 வீத வாக்குகளைப் பெற்றிருந்த ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 51 வீதத்துக்கு இறங்கியது. முதலமைச்சர் ஜனாதிபதியின் சொந்த அண்ணன் மகன்; போர்வெற்றியின் சூடு இன்னும் ஆறாத காலம்; அரச இயந்திரம் முழுவதும் ஒரு பக்கம். அப்படியிருந்தும் இருபது வீதம் கழன்று விழுந்தது. மகிந்த ராஜபக்ஷவைத் தோற்கடிக்கலாம் என்ற எண்ணம் எதிரணியினருக்கு உறுதிப்பட்டது பதுளையில் என்று நான் அன்றும் எழுதினேன், இன்றும் சொல்வேன்.

தேர்தல் முடிந்து ஆறு வாரம் ஆகவில்லை, ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்சரிவில் புதைந்தன. அங்கிருந்து குடிபெயர வேண்டுமென்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் எங்கே போவது? சொந்தமாக ஓர் அடி நிலம் இல்லாதவனுக்கு எச்சரிக்கையால் என்ன பயன்? அதன்பின் மூன்று வாரத்தில் மைத்திரிபால சிறிசேன அரசில் இருந்து வெளியேறிப் பொது வேட்பாளரானார்.

2015 ஜனவரி 8ஆம் திகதி வாக்களிப்பு. பதுளை மாவட்ட முடிவு செய்தி அறைக்கு வந்தபோது எண்களை இருமுறை சரிபார்க்கச் சொன்னேன். சிறிசேன 2,49,524. ராஜபக்ஷ 2,49,243. ஐந்து இலட்சம் பேர் வாக்களித்த மாவட்டத்தில் வித்தியாசம் 281! இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைமை ராஜபக்ஷவுக்கே வாக்களிக்குமாறு மேடைதோறும் கேட்டிருந்தது. நுவரெலியாவிலும் பதுளையிலும் தோட்ட மக்கள் தலைவரின் சொல்லை வணக்கத்துடன் கேட்டுவிட்டு வேறு விதமாகப் புள்ளடி இட்டார்கள்.

அதன்பின் கதைகள் கிளம்பின. இந்திய உளவு நிறுவனமான 'றோ'வின் கொழும்புப் பொறுப்பாளர் எதிரணியை ஒன்றுசேர்க்க உதவினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டுத் தேர்தலுக்கு முன்னர் நாட்டைவிட்டுப் போகுமாறு கேட்கப்பட்டார் என ரொய்ட்டர்ஸ் அந்த ஜனவரியிலேயே எழுதியது. வழமையான இடமாற்றம் என்றது புதுடில்லி. மார்ச் மாதத்தில் ராஜபக்ஷவே ஒரு ஹொங்கொங் பத்திரிகையிடம், இந்தியாவும் மேற்கு நாடுகளும் தம்மை வீழ்த்தத் தூதரகங்களைப் பயன்படுத்தின என்றார். மூன்றரை ஆண்டுகள் கழித்து, 2018 ஜூனில் நியூயோர்க் டைம்ஸ் மறுபக்கத்தைத் திறந்தது. அதே தேர்தலில் ராஜபக்ஷ தரப்பின் பிரசாரத்துக்குச் சீனத் துறைமுகப் பொறியியல் நிறுவனமொன்றின் கணக்கில் இருந்து குறைந்தது 76 இலட்சம் டொலர் சென்றதாக அது எழுதியது. ராஜபக்ஷ மறுத்தார், சீனத் தரப்பும் மறுத்தது.

இரண்டும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஓர் உளவாளியின் ஆலோசனை. மற்றவருக்கு ஒரு நிறுவனத்தின் பணம். ஆனால் பதுளையில் அந்த 281ஐ எது தந்தது? மீரியபெத்தைச் சேற்றில் மூன்று தலைமுறையைத் தேடியவனுக்குத் தன் வாக்கைத் தீர்மானிக்க டில்லியின் ஆலோசனை தேவைப்பட்டிருக்குமா? நாளாந்தச் சம்பளத்தில் மாதத்தின் பாதியையே ஓட்டமுடியாத குடும்பத்துக்கு உளவாளி வந்து சொல்ல என்ன மிச்சமிருந்தது? தோற்றவர்கள் 'றோ'வைச் சொன்னது அவர்களுக்கு வசதி. வாக்காளன் சிந்தித்தான் என்று ஒப்புக்கொள்வதைவிட, அவன் இயக்கப்பட்டான் என்று நம்புவது எளிது. தோட்டத்தான் விடயத்தில் அது இன்னும் எளிது. எழுபது வருடப் பழக்கம்.

சொல்லாமல் விட்ட ஒன்று. அன்று இலங்கையில் தேர்தல் செலவுகளைக் கட்டுப்படுத்தும் சட்டமே இருக்கவில்லை. எந்த நாட்டுப் பணம், எந்த வழியாக, எந்தக் கட்சிக்கு வந்தாலும் கணக்குக் காட்டும் கட்டாயம் எவருக்கும் இல்லை. அந்நியச் செல்வாக்கைத் தடுக்க 1948இல் ஒரே ஆண்டுக்குள் சட்டம் இயற்ற முடிந்த நாடு, அந்நியப் பணத்தைத் தடுக்கும் சட்டத்துக்கு 2023 வரை காத்திருந்தது. அந்த ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வெளிநாட்டு அரசாங்கங்களிடமும் நிறுவனங்களிடமும் நன்கொடை பெறுவதைத் தடைசெய்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்ற உச்சவரம்பும் வந்தது. நல்லது. கூலியின் வாக்கைப் பறிக்க ஓராண்டு, கோமானின் பணப்பையைப் பார்க்க எழுபத்தைந்து ஆண்டு.

மறைவில் வரும் பணத்தைப் போலவே, வெளிச்சத்தில் வரும் அன்பளிப்பையும் பார்க்கவேண்டும். மலைநாட்டில் அயல்நாட்டுக் கவனம் பெரும்பாலும் கல்வெட்டோடுதான் வருகிறது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு நாலாயிரம் வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் நரேந்திர மோடி மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். 2023 ஜூலையில், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதையொட்டி 75 கோடி இந்திய ரூபாய். இவற்றைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பத்தடி அறையில் பிள்ளைகளோடு படுத்தவர்களுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனிவீடு என்பது சிறிய விடயமா? ஆனால் அந்த வீடு கொழும்பை அடைந்து, அமைச்சை அடைந்து, தொழிற்சங்கத் தலைவரை அடைந்து தோட்டத்துக்கு வரும்போது அவரது கொடையாக உருமாறிவிடுகிறது. பட்டியலில் யார் பெயர் வரவேண்டும் என்பது சந்தாப் பத்திரத்தைப் பார்த்து முடிவாகிறது என்ற முறைப்பாட்டை நான் கேட்காத தோட்டம் குறைவு. வீடு கிடைத்தவர்கள் பலரிடம் காணி உறுதி கிடையாது. உறுதி இல்லாத வீட்டில் இருப்பவன் அடுத்த தேர்தலிலும் யாரோ ஒருவரின் முகத்தைப் பார்த்தே நடக்கவேண்டும். டில்லி ஒரு வாக்கைக்கூடக் கேட்கவில்லை. கேட்கும் வசதியை உள்ளூர்த் தலைவருக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டது.

இந்தியா மட்டுமென்று எண்ணவேண்டாம். ஊவாவின் வயிற்றைக் குடைந்தது ஈரான். 2008 ஏப்ரலில் அஹ்மதிநெஜாட் அடிக்கல் நாட்டிய உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கம் பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளை வற்றச்செய்தது, வீட்டுச் சுவர்களைப் பிளந்தது. மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். தடைகளால் ஈரானின் கடன் இடையில் நின்றுபோக, செலவை இலங்கையே சுமந்தது. 2024 ஏப்ரல் 24ஆம் திகதி, தேர்தல் ஆண்டில், ஈரானிய ஜனாதிபதி ரைசி நேரில் வந்து திறந்துவைத்தார். 120 மெகாவாட் மின்சாரம். விழாவில் வற்றிய கிணறுகளைப் பற்றிப் பேசப்பட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

ரஷ்யாவோ இன்னும் சுருக்கமாகக் காரியம் முடிக்கும். 2017 டிசெம்பரில் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கண்டதென்று இலங்கைத் தேயிலைக்குத் தடை விதித்தது. ரஷ்யாவில் இருந்து வரும் அஸ்பெஸ்டஸைத் தடைசெய்வதாகச் சொல்லியிருந்த இலங்கை அந்த முடிவைப் பின்போட்டது. இரண்டு வாரத்துக்குள் வண்டும் மறைந்தது. தேர்தல் இல்லாமலே ஓர் அரசின் கொள்கையை மாற்றிய இந்தச் சம்பவத்தை எவரும் சதி என்று சொல்லவில்லை. தேயிலை வாங்குபவன் அல்லவா!

மக்கள் விடுதலை முன்னணியின் கதை இதில் தனி அத்தியாயம். ரோகண விஜேவீர தன் இளைஞருக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்'. அந்தப் பாடத்தில் தோட்டத் தொழிலாளி சுரண்டப்படும் பாட்டாளி அல்லன். இந்தியாவின் முன்னணிப் படை. 1987க்குப் பின்னர் அதே அமைப்பு பம்பாய் வெங்காயத்தையும் மைசூர்ப் பருப்பையும் விற்கக்கூடாதென்று கடைகளுக்குக் கட்டளையிட்டது. அந்த நாட்களில் பதுளைக் கடைத்தெருவில் பருப்பு வாங்கியவர்கள் அதைப் பையின் அடியில் மறைத்துக் கொண்டுபோன கதையை இன்றும் கேட்கலாம். அதே கட்சியின் தலைவர் அநுர குமார திஸாநாயக்கவை, நாடாளுமன்றத்தில் மூன்றே ஆசனம் இருந்தபோது, 2024 பெப்ரவரியில் இந்திய அரசாங்கம் அதிகாரபூர்வமாக அழைத்து உபசரித்தது. குதிரை ஓடுமுன் தடவிக்கொடுத்தார்கள் என்பேன். செப்டெம்பரில் அவர் ஜனாதிபதியானார். முதல் வெளிநாட்டுப் பயணம் டிசெம்பரில் புதுடில்லிக்கு.

அந்தத் தேர்தலில் பதுளை மாவட்டம் அவரை முதலிடத்தில் வைக்கவில்லை. சஜித் பிரேமதாசவையே வைத்தது. நவம்பர் 14ஆம் திகதி பொதுத்தேர்தலில்தான் மாவட்டம் தேசிய மக்கள் சக்தியின் பக்கம் சாய்ந்தது. அம்பிகா சாமுவேல், கிட்ணன் செல்வராஜ் என்ற இருவர் அக்கட்சியின் பட்டியலில் பதுளையில் இருந்து தெரிவானார்கள். ஒரு காலத்தில் இம்மக்களை விஸ்தரிப்பின் கருவி என்று பாடம் நடத்திய கட்சி, இப்போது தோட்டத்துப் பெண் ஒருவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. இதில் டில்லிக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். பழைய சங்கத் தலைமைகள் மீது இருந்த சலிப்பே பங்கு.

கடைசியாக, இந்தப் பக்கத்தை ரொறன்ரோவில், லண்டனில், சென்னையில் இருந்து வாசிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். தேர்தல் வந்தால் நமது தொலைபேசிகளும் சும்மா இருப்பதில்லை. இன்னாருக்கு வாக்களி, பகிஷ்கரி, பொது வேட்பாளருக்குப் போடு என்று கடல் கடந்து கட்டளைகள் போகின்றன, பணமும் போகிறது. நமக்கு அது உறவின் உரிமை. ஆனால் அங்கு வாக்களிப்பவர் அதன் பலனை அனுபவிக்க, நாம் அனுபவிப்பதில்லை. 2005இல் வடக்கில் விடுதலைப் புலிகள் தடுத்த வாக்களிப்பின் பின்னர், ஒரு இலட்சத்து எண்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில் முடிந்த தேர்தலின் விலையை யார் கொடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வன்னியை அறிந்தவர் பலர் பசறையை அறியார். தோட்டத்து வாக்காளர் ஏன் சில வேளைகளில் சிங்களத் தலைவரின் கட்சிக்கு வாக்களிக்கிறார் என்று சினந்து எழுதும் கடிதங்கள் எனக்கு வருவதுண்டு. அடுத்த வீட்டுக்காரனும், பிரதேச செயலாளரும், பொலிஸ்காரரும் சிங்களவராக உள்ள மாகாணத்தில் அவர் வாழ்கிறார். 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்ததை அவர் மறக்கவில்லை. அதனாலேயே யோசித்துப் புள்ளடி இடுகிறார்.

தலையீடு என்பதற்கு நான் வைக்கும் அளவுகோல் எளியது. பேச வருபவர் பேசட்டும். தூதுவர் எல்லாக் கட்சியையும் சந்திக்கட்டும். கண்காணிப்பாளர் வாக்குச்சாவடி வாசலில் நிற்கட்டும். பணம் வந்தால் எங்கிருந்து வந்தது என்று சொல்லட்டும். வீடு வந்தால் உறுதியோடு வரட்டும், பட்டியல் தோட்டத்துப் பெயர்ப்பலகையில் ஒட்டப்படட்டும். இவை நடந்தால் எந்த உளவுத்துறைக்கும் மலைநாட்டில் அதிகம் வேலை இருக்காது.

ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் 2019இல் முடிந்தது. 2025 முடியும்வரை அடுத்த தேர்தல் நடைபெறவில்லை. ஆளுநரே நிர்வாகம் செய்தார். மாகாண சபை முறைமையே 1987ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் பிள்ளை, ஓர் அந்நியக் கரம் தந்தது. 2014இல் அதைக் கொண்டுதான் பதுளை மக்கள் ஓர் ஆட்சியின் அடித்தளத்தை ஆட்டினார்கள். 2025 ஏப்ரலில் கொழும்புக்கு வந்த இந்தியப் பிரதமர், மாகாண சபைத் தேர்தலை நடத்துவீர்கள் என எதிர்பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊவாவின் வாக்காளர் தமக்குரிய தேர்தலை அயல்நாட்டு விருந்தாளியின் வாயால் கேட்டுக்கொண்டிருக்க, கொழும்பில் எல்லை மீள்நிர்ணயம் பற்றி இன்னொரு குழு பேசிக்கொண்டிருந்தது.